பேர்லினில் நான்கு நாட்கள்
(பெண்கள் எடுத்த குறும்படங்களின் கதை)

சென்ற கார்த்திகை மாதக் கூட்டத்தில் இந்த மலருக்கு யார் யார் என்ன எழுதுவது என்று பேச்சு வந்தது. ஜேர்மனியில் பெண்கள் எடுத்த குறும்படங்களைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன் என்று நான் சொன்னேன். உடனே ஒரு அண்ணை கேட்டார்: "படம் எண்டால் படம்தானே தங்கச்சி. அதில ஆம்பிளை எடுத்தது, பொம்பிளை எடுத்தது எண்டு என்ன பிரிவினை?" அவர் நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். எனக்கு அப்போது சட்டென்று பதில் வரவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லி பஸ்சைப் பிடிக்க ஓடிவிட்டேன். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீண்ட பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை ஓபர்ஹவுசனில் தொடங்குகிறது. றூர் பகுதியில் இருக்கும் எங்கட ஆக்களுக்கு இந்த ஊரைத் தெரியாமல் இராது. நிலக்கரிக்கும் உருக்குக்கும் பேர்போன ஊர். 1954 ஆம் ஆண்டிலிருந்து அங்கே குறும்பட விழா ஒன்று நடந்து வருகிறது. தொடங்கியவர் ஹில்மார் ஹொஃப்மன். உலகத்தில் குறும்படத்துக்கென்று நடக்கும் பழைய விழாக்களில் இதுவும் ஒன்று. 1962 பெப்ரவரி 28 ஆம் திகதி இவ்விழாவில் 26 பேர் கையெழுத்திட்டு ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். பழைய சினிமா முடிந்தது, இனிப் புதிய சினிமாவை நாங்கள்தான் எடுக்கப்போகிறோம் என்பது அதன் சாரம். அதுவரை குறும்படம் எடுத்துவந்த இளைஞர்கள், முழுநீளப் படம் எடுக்க எங்களுக்குக் காசும் வசதியும் தா என்று அரசைக் கேட்டார்கள். கேட்டது வீண்போகவில்லை. 1965 இல் இளம் இயக்குனர்களுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று உருவானது. பின்னாளில் உலகமே புகழ்ந்த புதிய ஜேர்மன் சினிமா அதிலிருந்துதான் வளர்ந்தது.

கையெழுத்திட்ட 26 பேரும் ஆண்கள். ஒருத்தி கூட இல்லை. அந்த அறிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை, அது பெரிய காரியம்தான். ஆனால் புதிய சினிமா என்று அவர்கள் சொன்னபோது, அந்தப் புதுமைக்குள் பெண் எங்கே நிற்பாள் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கமெராவுக்கு முன்னால் நிற்பாள் என்று நினைத்திருக்கலாம். கையெழுத்திட்டவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குளூக 1966 இல் எடுத்த முதல் முழுநீளப் படத்தில் முக்கிய பாத்திரத்தில் நடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை.

ஆனாலும் ஒரு கதவு திறந்தது. குளூகவும் எட்கார் றைற்சும் உல்ம் நகரில் இருந்த வடிவமைப்புக் கல்லூரியில் சினிமாப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார்கள். ஹிட்லரை எதிர்த்து உயிரைக் கொடுத்த ஷோல் அண்ணனையும் தங்கையையும் பற்றி எங்கட பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் அல்லவா? அவர்களின் அக்கா இங்கே ஷோல் முன்னின்று உருவாக்கிய கல்லூரி அது. அங்கே சினிமா படிக்க வந்த முதற் பெண் உலா ஸ்டொக்கல். அதற்கு முன் செயலாளராக வேலை செய்தவர். அவர் 1965 இல் எடுத்த குறும்படத்தின் பெயர் 'உங்களிடம் அபிட்டூர் இருக்கிறதா?' வேலை செய்துகொண்டே, வயது போனபிறகு, இரண்டாம் வழியால் படிப்பை முடிக்கப் பாடுபடும் ஆட்களைப் பற்றியது. ஊரில் ஏ.எல். எடுத்துவிட்டு வந்து, அந்தச் சான்றிதழை இங்கே மேசை மேசையாக நீட்டிப் பார்த்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? அந்தப் பெயரை முதன்முதல் வாசித்தபோது, ஆரோ என்னைப் பார்த்துக் கேட்டமாதிரித்தான் இருந்தது.

ஸ்டொக்கல் 1968 இல் 'பூனைக்கு ஒன்பது உயிர்' என்ற முழுநீளப் படத்தை எடுத்தார். மேற்கு ஜேர்மனியின் முதற் பெண்ணியப் படம் என்று இன்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அன்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. படத்தை வெளியிடவேண்டிய விநியோக நிறுவனம் வங்குரோத்தாகிப் போனது. படம் பெட்டிக்குள் போய்விட்டது.

பெட்டிக்குள் போவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்து, அடுத்த நிமிடம் கனடாவுக்கு அனுப்புகிற காலம் இது. அன்று 16 மில்லிமீற்றர் பிலிம். 120 மீற்றர் நீளமான ஒரு சுருள் ஓடினால் 11 நிமிடம். அதைக் கழுவ ஒரு செலவு, வெட்டி ஒட்ட ஒரு செலவு, சத்தம் சேர்க்க ஒரு செலவு, பிரதி எடுக்க இன்னொரு செலவு. குறும்படக்காரருக்கு ஒன்றோ இரண்டோ பிரதிதான் கட்டுபடியாகும். அந்தப் பிரதி தகரப் பெட்டியில் தபாலில் போகவேண்டும். ஹம்பேர்க்கில் ஓடிக்கொண்டிருந்தால் மியூனிக்கில் பார்க்க முடியாது. ஒருவரும் கேட்காவிட்டால் பெட்டி அலுமாரிக்குமேல் கிடக்கும். பெண்கள் குறும்படம் எடுத்ததற்குக் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. நீளப் படத்துக்கு அவர்களை நம்பிக் காசு கொடுப்பவர் அரிது. பள்ளிப் பயிற்சிக்குக் கிடைக்கும் கொஞ்சப் பிலிமில், தொலைக்காட்சி கொடுக்கும் அரை மணித்தியாலத்தில் எதை எடுக்கலாமோ அதை எடுத்தார்கள்.

நாட்டின் சட்டமும் அப்படித்தான் இருந்தது. மேற்கு ஜேர்மனியில் 1977 வரை, கலியாணம் கட்டிய பெண் வீட்டுக் கடமைகளுக்கு இடைஞ்சல் வராத அளவில்தான் வெளியே வேலை செய்யலாம் என்று குடியியல் சட்டத்தில் எழுதியிருந்தது. பக்கத்துச் சுவிசில் நாட்டளவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1971 இல். வெள்ளைக்காரிகள் தொடக்கம் முதலே சுதந்திரமாக இருந்தவர்கள் என்று நாங்கள் நினைப்பது பிழை. அவர்களுடைய அம்மாமாரும் அம்மம்மாமாரும் இப்படித்தான் இருந்திருக்கினம்.

இனி ஹெல்க சாண்டர். இந்தக் கதையின் நடு ஆள் இவர்தான். பேர்லினில் 1966 இல் சினிமாக் கல்லூரி திறந்தபோது முதல் தொகுதியில் சேர்ந்த மிகச் சில பெண்களில் ஒருவர். தனியாக ஒரு மகனை வளர்த்துக்கொண்டு படித்தவர். அவருடைய முதற் குறும்படம் நான்கே நிமிடம். ஒரு பஸ் தரிப்பில் ஒரு பெண், இரண்டு ஆண்கள். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்பதைக் கமெரா அவரவர் கண்ணாக மாறிக் காட்டுகிறது. பஸ் தரிப்பில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுப்பது? இந்தக் கேள்வியிலிருந்துதான் சாண்டர் அரசியலுக்குள் வந்தார். 1968 இன் தொடக்கத்தில் பேர்லினில் பெண்கள் சேர்ந்து, வெறுமையாகக் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்துத் தாங்களே பிள்ளைகளைப் பராமரிக்கும் இடங்களை அமைத்தார்கள். கின்டர்லாடன் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். எங்கட பிள்ளைகளும் அங்கே போய் வருகிறார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 13 இல் பிராங்பேர்ட்டில் இடதுசாரி மாணவர் சங்கத்தின் மாநாடு நடந்தது. சாண்டர் எழுந்து, உலகத்தை மாற்றப்போகிறோம் என்று பேசும் நீங்கள் உங்கள் வீட்டுக்குள் நடக்கும் அடக்குமுறையைக் காணாதமாதிரி இருக்கிறீர்கள் என்ற கருத்தில் பேசினார். மேடையில் இருந்த ஆண்கள் அதைப்பற்றி விவாதிக்காமலே அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தார்கள். சிக்றிட் றூகர் என்ற கர்ப்பிணிப் பெண் தக்காளிப்பழங்களை எடுத்து மேடையை நோக்கி எறிந்தார். ஒன்று சங்கத் தலைவர்களில் ஒருவரில் பட்டது. மேற்கு ஜேர்மனியில் புதிய பெண்கள் இயக்கம் அந்தத் தக்காளியிலிருந்து தொடங்கியதாக இன்றும் பேசுவார்கள். (எங்கட சங்கக் கூட்டங்களில் இதுவரை தக்காளி பறந்ததில்லை. தேநீர்க் கோப்பைதான் ஒருமுறை.)

1970களின் தொடக்கத்தில் நிலைமை இதுதான்: பல ஊர்களில், பல நாடுகளில் பெண்கள் படம் எடுத்திருந்தார்கள். ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் தனியே இழுபடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேளையில் சாண்டரும், உல்மில் படித்த குளோடியா ஃபொன் அலேமனும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். 1973 நவம்பர் 15, வியாழக்கிழமை தொடக்கம் 18, ஞாயிற்றுக்கிழமை வரை மேற்குப் பேர்லினில் 'முதலாவது சர்வதேசப் பெண்கள் திரைப்படக் கருத்தரங்கு' நடந்தது. இடம், வெல்சர் வீதியில் இருந்த ஆர்செனல் என்ற சிறிய படமாளிகை. வணிகப் படமாளிகைகள் தொடாத படங்களைக் காட்டுவதற்காக எரிகா கிறேகரும் உல்றிக் கிறேகரும் நண்பர்களோடு சேர்ந்து 1970 இல் திறந்தது. விற்றன்பேர்க்பிளாட்சிலிருந்து நடக்கும் தூரம். 1980களில் கிழக்குப் பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, பிறீட்றிக்ஸ்ராச நிலையத்தால் மேற்குக்குள் வந்த எங்கட மூத்தவர்கள் பலர் அந்தப் பக்கமெல்லாம் கடிதாசித் துண்டில் விலாசத்தை வைத்துக்கொண்டு நடந்திருப்பார்கள்.

நான்கு நாட்களில் நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் குறும்படங்களும் விவரணப் படங்களும். வந்திருந்த பெண்கள் இருநூற்றைம்பது பேரளவில். படம் எடுப்பவர்கள் மட்டுமல்ல, பெண்கள் அமைப்புகளில் வேலை செய்பவர்களும் வந்தார்கள். படங்களை நாடு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ பிரிக்காமல் விடய வாரியாகப் பிரித்துப் போட்டார்கள். வேலைத்தலப் போராட்டத்தில் பெண்கள். பத்திரிகையும் தொலைக்காட்சியும் பெண்ணை எப்படிக் காட்டுகின்றன. கருக்கலைப்புச் சட்டமும் பெண்ணின் உடலும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் இயக்கம். அன்று கருக்கலைப்புச் சட்டம் நாடு முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த விடயம். 1971 இல் ஸ்ரேர்ன் சஞ்சிகையில் 374 பெண்கள் பெயரோடு வந்து தாங்கள் அதைச் செய்ததாக அறிவித்திருந்தார்கள். எங்கள் மலரில் சிலருக்கு இது சங்கடமான சங்கதி என்று தெரியும். ஆனால் அதை விட்டுவிட்டு அந்த நான்கு நாட்களைப் பற்றி எழுதினால் அது பொய்யாகப் போய்விடும்.

இந்தப் பிரிப்பு ஒரு கெட்டித்தனம் என்று நான் நினைக்கிறேன். ஒரு படம் தனியே ஓடினால், நல்லது கூடாது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவோம். ஒரே விடயத்தில் ஐந்து நாட்டுப் படம் அடுத்தடுத்து ஓடினால் அப்படிப் போக முடியாது. இத்தாலியில் ஒருத்தி சொன்னதையே ஜேர்மனியில் இன்னொருத்தியும் சொல்கிறாள் என்றால், அது அவளுடைய புருசனின் குணமோ அவளுடைய தலைவிதியோ அல்ல என்று இருந்து பார்க்கிறவளுக்கு விளங்கிவிடும்.

அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றை நான் பிறகு தேடிப் பார்த்தேன். எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்லமாட்டேன். சிலதில் பேச்சு மிக அதிகம், கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதுபோல. ஆனால் வேலைத்தலப் படங்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டன. நானும் ஓடுபட்டிக்கு முன்னால் நிற்கிறவள்தானே.

கிறிஸ்ரினா பெறின்சியோலி என்ற சுவிஸ் பெண், பேர்லின் கல்லூரியில் படிக்கும்போது 1971 இல் எடுத்தது 'பெண்களுக்காக, அத்தியாயம் 1'. ஒரு சுப்பர்மார்க்கெற்றில் வேலை செய்யும் பெண்கள். கூட வேலை செய்யும் ஆணுக்குத் தங்களிலும் பார்க்கச் சம்பளம் கூட என்பது தெரியவருகிறது. வேலையை நிறுத்துகிறார்கள். கதை அவ்வளவுதான். நடித்தவர்கள் நடிகைகள் அல்ல. மேர்க்கிஷஸ் பியேற்றல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைச் சேர்ந்த கடைப் பெண்களும் குடும்பப் பெண்களும். கதையையும் அவர்களோடு இருந்து பேசித்தான் அமைத்தார். தட்டில் சாமான் அடுக்கும் கையையும், முதலாளி வரும்போது அந்தக் கை வேகம் கூடுவதையும் நடிகையிடம் சொல்லிக் கொடுத்து வாங்க ஏலாது.

சாண்டர் அதே 1971 இல் எடுத்தது 'இறேனுக்கு ஒரு ஊக்கத்தொகை'. ஏறக்குறைய 50 நிமிடம். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் இறேன், இரண்டு பிள்ளைகளின் தனித் தாய். தொழிற்சாலைக் கதை வேறு, வீட்டுக் கதை வேறு என்று அந்தப் படம் பிரிக்கவில்லை. அதுவரை வந்த தொழிலாளர் படங்களில் தொழிலாளி ஆலை வாசலைத் தாண்டினால் கதை முடிந்துவிடும். இதில் வாசலைத் தாண்டினபிறகு இரண்டாவது வேலை தொடங்குகிறது. குளோடியா ஃபொன் அலேமனும் அந்த நாட்களில் உலோகத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுத்தார். உலகத்தை விளக்கினால் போதாது, மாற்றவேண்டும் என்று கார்ல் மார்க்ஸ் சொன்னதிலிருந்து பெயரை எடுத்திருந்தார்.

அந்த ஆண்டை மறந்துவிட்டு இப்படங்களைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். கருத்தரங்குக்கு மூன்று மாதம் முன், 1973 ஓகஸ்டில், நொய்ஸ் நகரில் பியர்பூர்க் என்ற கார்புறேற்றர் தொழிற்சாலையில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிரேக்கம், துருக்கி, யூகோஸ்லாவியா என்று பல நாடுகளிலிருந்து வந்த வெளிநாட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கொடுத்தது 'இலகு வேலை'ச் சம்பளம். பெண்களுக்கென்று தனியாகக் குறைந்த சம்பளம் வைக்கக்கூடாது என்று 1955 இல் உயர் தொழில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகு, முதலாளிமார் கண்டுபிடித்த வழி இது. பெண் என்று எழுதாமல் இலகு வேலை என்று எழுதி, பெண்களையெல்லாம் அதற்குள் போட்டார்கள். நாள் முழுக்க ஒரே அசைவில் ஆயிரம் தரம் கையைத் தூக்குவது இலகு வேலையாம்! ஜேர்மன் தொழிலாளரும் சேர்ந்து நின்றபோது, அந்தக் கீழ்ச் சம்பளப் பிரிவு அந்தத் தொழிற்சாலையில் இல்லாமல் போனது. எடித் ஷ்மிற் என்ற பெண்ணும் டேவிட் விற்றன்பேர்க் என்பவரும் சேர்ந்து இதைப் படமாக்கினார்கள். 'அவர்களின் போராட்டம் எங்கள் போராட்டம்' என்பது அதன் பெயர்.

கருத்தரங்கு முடிந்து ஐந்தாம் நாள், 1973 நவம்பர் 23 இல், வெளிநாட்டிலிருந்து தொழிலாளரை எடுப்பதை மேற்கு ஜேர்மன் அரசு நிறுத்தியது. எண்ணெய் நெருக்கடி. அதற்கடுத்த ஞாயிறு தெருவில் கார் ஓடவே தடை. பிறகு வந்த எங்களுக்கு வேலைக்காரராக வரும் வாசல் பூட்டியிருந்தது. அசூல் வாசலால்தான் வந்தோம்.

இந்த நான்கு நாட்களின் பலன் உடனே தெரிந்தது. 1974 இல் சாண்டர் 'பெண்களும் திரைப்படமும்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். ஐரோப்பாவிலேயே இந்த வகையில் முதலாவது. 1979 இல் ஹம்பேர்க்கில் சினிமாவில் வேலை செய்யும் பெண்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அரசு கொடுக்கும் சினிமாப் பணத்தில் பாதி, வேலைகளில் பாதி, பயிற்சி இடங்களில் பாதி, முடிவெடுக்கும் குழுக்களில் பாதி என்று கேட்டார்கள். ஓபர்ஹவுசன் அறிக்கைக்குப் பதினேழு வருடம் கழித்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். பாதி இன்னும் கிடைக்கவில்லை. அதனால்தான் 2014 இலும் பெண் இயக்குனர்கள் ஒன்றுகூடி அதே கேள்வியைத் திரும்பக் கேட்கவேண்டி வந்தது.

1984 இல் கோல்ன் பல்கலைக்கழக மாணவிகள் 'ஃபெமினாலே' என்ற பெண்கள் திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். 1987 இல் டோட்முண்டில் 'ஃபாம் டொட்டால்' என்று இன்னொன்று. 2006 இல் இரண்டும் ஒன்றாகி, இன்று டோட்முண்ட், கோல்ன் ஆகிய இரு நகரங்களின் பெயரில் நடக்கிறது. வழமையாக ஏப்ரலில்தான். எங்கட வருடப்பிறப்போடு அண்டி வரும். ஒருமுறை கைவிசேடம் வாங்கின காசில் ரிக்கற் எடுத்துக்கொண்டு போனேன். குறும்படங்கள் போடும் காட்சிக்குத்தான் போனேன். ஒன்றரை மணித்தியாலத்தில் ஏழெட்டு நாட்டுக்குப் போய் வரலாம்.

சாண்டர் தலைமுறைக்கு முன்னே ஒருவரும் இருக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். லோட்டே றைனிகர் 1899 இல் பேர்லினில் பிறந்தவர். கறுப்புக் கடதாசியைக் கத்தரியால் வெட்டி உருவங்கள் செய்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுப்பார். எங்கட தோற்பாவைக் கூத்துத்தான், பிலிமில். 1919 இல் முதற் குறும்படம். 1926 இல் 'இளவரசன் அஹ்மத்' என்ற நீண்ட படம். அதன் மூல நெகட்டிவ் 1945 இல் பேர்லின் சண்டையில் அழிந்தது. ஆனால் எனக்கு அவருடைய படங்களைவிட அவர் பட்ட பாடுதான் நெஞ்சில் நிற்கிறது. நாசிகளோடு ஒத்துப்போக விரும்பாமல் கணவரோடு 1930களின் நடுவில் நாட்டை விட்டு வெளிக்கிட்டார். எந்த நாடும் நிரந்தர விசா கொடுக்கவில்லை. நாட்டுக்கு நாடு, விசா முடிய முடிய இடம் மாறித் திரிந்தார்கள். கத்தரியும் கடதாசியும் கையில். 1944 இல் வருத்தமாய்க் கிடந்த தாயைப் பார்க்கப் பேர்லினுக்கே திரும்ப வேண்டிவந்தது. 1949 இல்தான் லண்டனில் குடியேறினார். விசாவுக்கு அலைந்ததை எங்களுக்கு ஒருவர் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வெளிநாட்டுப் பெண்களும் இங்கே கமெராவைக் கையில் எடுத்தார்கள். லூபெக் நகரின் செராப் பெறக்கறாசு 1994 இல் மீன் ரின் அடைக்கும் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி 'ரொட்டிக்குக் காசு' என்ற படத்தை எடுத்தார். குறும்படமல்ல, முழுநீளம். என்றாலும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. துருக்கிப் பெண்களும், மதில் விழுந்தபிறகு பக்கத்துக் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த ஜேர்மன் பெண்களும் ஒரே பட்டியில் நிற்கிறார்கள். ஒருத்திக்கு மற்றவள் அந்நியம். கை மட்டும் ஒரே வேகத்தில். மீன் மணம் திரையைத் தாண்டி வருமாப்போல் இருக்கும். எங்கட தோட்டத்திலும் மீன்பாட்டிலும் வேலை செய்த பெண்களை இப்படி ஆராவது எடுத்திருந்தால் என்று நினைத்தேன். ஹம்பேர்க்கில் நவீனா சுந்தரம் இருந்தார். இந்தியாவில் 1945 இல் பிறந்து, 1960களில் இங்கு வந்து, வட ஜேர்மன் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் படங்களும் செய்தித் தொகுப்புகளும் செய்தவர். லெவர்கூசனில் இருந்து ஜேர்மன் குடியுரிமை எடுக்க முயன்ற தர்சன் சிங் என்ற மனிதரைப் பற்றியும் ஒரு படம் செய்தார். வெளிநாட்டாரைப் பற்றி ஜேர்மன்காரர் படம் எடுத்த காலத்தில், ஒரு வெளிநாட்டுப் பெண் ஜேர்மன் அலுவலகங்களுக்குள் கமெராவைத் திருப்பினார். 2022 இல் காலமானார்.

எங்கட பக்கத்தில்? தமிழில் முதன்முதல் படம் இயக்கிய பெண் ரி.பி. ராஜலக்சுமி. 1931 இல் 'காளிதாஸ்' படக் கதாநாயகி. 1936 இல் தானே எழுதி, தயாரித்து, இயக்கிய படம் 'மிஸ் கமலா'. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பெட்டிக்குள் போன படமாவது ஒருநாள் வெளியே வரும், இது அப்படியும் வராது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் லீனா மணிமேகலை 'மாத்தம்மா' போன்ற குறும் விவரணங்களால் தொடங்கினார். 2010 இல் கனடாவில் நயனி தியாகராஜா, வெள்ளைத் தோல்தான் வடிவு என்று எங்கட சமூகங்களுக்குள்ளேயே சின்ன வயதில் பிள்ளைகளின் மனதில் ஏற்றிவிடும் பழக்கத்தைப் பற்றி 'ஷேடிசம்' என்ற குறும்படம் எடுத்தார். எங்கட கலியாணப் பேச்சுக்கால் நடக்கும் வீடுகளில் கட்டாயம் போட்டுக் காட்டவேண்டிய படம். யாழ்ப்பாணத்தில் 2015 தொடக்கம் நடந்த சர்வதேச சினிமா விழாவை முன்னின்று நடத்தியவரும் ஒரு பெண் இயக்குனர்தான், அனோமா ராஜகருணா.

இங்கே ஜேர்மனியில் தமிழ்ப் பெண்கள் 1990 இலிருந்து 'பெண்கள் சந்திப்பு' நடத்தி வந்தார்கள். நோர்வேயில் 'சக்தி' என்ற பெண்கள் சஞ்சிகை வந்தது. எழுத்தில் நாங்கள் பிந்தவில்லை. படத்தில்தான் பிந்திவிட்டோம். கமெரா இல்லாமல் அல்ல. சாமத்தியவீடு, கலியாணவீடு என்று எங்கட வீடுகளில் கிடக்கும் வீடியோக் கசற்றுகளை அடுக்கினால் இந்த மண்டபம் கொள்ளாது. அவற்றில் பெண்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், நகையோடும் சீலையோடும். எடுத்தது மட்டும் வேறு ஆள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, மேலே சொன்ன அந்த அண்ணையிடமே வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அக்காதான் வந்து சொன்னா: "நானும் ஒருக்கா எடுத்தனான் பிள்ளை. 91 ஆம் ஆண்டு, ஹைம் குசினியில. இவற்ர கமெராதான். அதை ஆர் பாக்கப்போகினம் எண்டு விட்டிட்டன்."

அலுமாரிக்கு மேல் இருந்த சப்பாத்துப் பெட்டிக்குள் கசற் கிடந்தது. அதைப் போடும் பழைய கமெராவும் பக்கத்திலேயே கிடந்தது. பற்றரி செத்துப்போயிருந்தாலும் வயர் குத்த வேலை செய்தது. முப்பத்தியெட்டு நிமிடம். ஒரு அடுப்பு, ஆறு பெண்கள், முறைக்குக் காத்து நிற்கிறார்கள். ஒரு எத்தியோப்பியப் பெண் அப்பம்போல ஒன்று சுடுகிறா. எங்கட அக்கா ஒருவர் அது எப்படிச் செய்வது என்று கையால் கேட்கிறா. ஜன்னலுக்கு வெளியே பனி. இடையிடையே ஒரு குரல், "இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று சிரிக்கிறது. அது கமெராவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் குரல். அண்ணை இதை ஒருநாளும் பார்த்ததில்லையாம். முடியும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. முடிந்ததும், "அந்த முதல் இடத்தை ஒருக்காத் திருப்பிப் போடு" என்றார்.

கசற்றை இப்போது கணினியில் ஏற்றி வைத்திருக்கிறோம். சித்திரைக் கொண்டாட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதக் கூட்டம் முடிந்தபிறகு, மண்டபத்திலேயே போட்டுக் காட்டுவோம். வெள்ளைத் துணி அண்ணை கொண்டு வருகிறாராம். உங்கள் வீட்டிலும் பெண்கள் எடுத்த கசற் ஏதும் கிடந்தால், பத்து நிமிடமானாலும் பரவாயில்லை, ஆட்டம் காட்டினாலும் பரவாயில்லை, கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் என்னிடமோ அக்காவிடமோ தாருங்கள். திரும்பக் கிடைக்கும். வெளியில் பெயரும் ஆண்டும் எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.